பொங்கலுக்கே கேட்ட சத்தம்

தம்பி,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் இருப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை. இத்தனை வருடம் நர்ஸாக ஊர் ஊராக அலைந்து நான் கண்டது அது. இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் வந்திருக்கும். உள்ளே கிரீஸும் துருவுமாகச் சில இரும்புச் சாமான்கள் இருக்கின்றன. மெத்தையில் வைத்துப் பிரிக்காதே, உன் பெங்களூர் போர்வை வீணாகிவிடும். தரையில் பழைய பேப்பரை விரித்து அதன் மேல் வை. இதைப் படித்து முடிக்கிறவரை அவற்றைப் பார்த்துக்கொண்டே இரு. நம் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவை அவை. நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தவன் நீ. பேர் தெரியாவிட்டால் வெட்கப்படாதே, போகப் போக நானே சொல்கிறேன்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதத்தில் என்னென்ன இருக்கும் என்று எனக்கும் தெரியும். விட்டுக்கொடுத்துப் போ, சாப்பாட்டில் குறை சொல்லாதே, மாமனார் மாமியாரை மதி. அப்படி ஒன்றை எழுதத்தான் நானும் மனசுக்குள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதெல்லாம் கொஞ்சமாவது முதுகெலும்பு உள்ள பிள்ளைகளுக்கு எழுதுவது. உனக்கு எழுத வேண்டியது வேறு கடிதம் என்று இந்த மாதம் தெரிந்துபோயிற்று. கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதே, இதைப் படித்த பிறகு நீ என்ன செய்கிறாய் என்பதில்தான் இருக்கிறது.

நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம் நடந்ததை முதலில் நினைவுபடுத்துகிறேன், உனக்கு ஞாபகம் கொஞ்சம் மட்டு. கோட்டுச்சேரியில் இந்துமதி வீட்டில் தட்டு மாற்றி, சாப்பிட்டு, அப்படியே திருநள்ளாறுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். நீ ஓட்டினாய். இந்துமதியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னதும் நீதான். பின்சீட்டில் நானும் உன் பெரிய அத்தையும், நடுவில் தாம்பூலப் பை. பள்ளிக்கூடத்து வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது இடதுபக்கம், அந்தப் பெண்ணின் காலடியில், டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த வேகத்தடையில் மறுபடியும் வந்தது. உன் அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இத்தன நாளு இல்லாத சத்தம். ஏறி ஒக்காந்த நேரம் அப்புடி" என்றார். இந்துமதி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து அப்படியே விறைத்துப் போனதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். "பொங்கலுக்கே தட்டுதுன்னு சொன்னான் அண்ணி" என்றேன் நான். "நீ மருமவளுக்குப் பரிஞ்சுகிட்டு வராத" என்றார் அத்தை. கண்ணாடியில் உன் கண் என் கண்ணைப் பார்த்தது. பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தது. பிறகு நீ கையை நீட்டிப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாய்.

பொங்கலுக்கு வந்திருந்தாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய், குண்டு குழி பார்க்காமல் ஓட்டிவிட்டு வந்தாய். சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, "முன்னாடி என்னமோ தட்டுதும்மா, டொக்கு டொக்குனு. பழைய வண்டின்னா அப்புடித்தான்" என்றாய். நான் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்கும் அது லேசாகக் கேட்டதுண்டு. கடைக்கும் கோயிலுக்கும் போகிற வண்டிதானே என்று விட்டுவைத்தேன். அது என் சோம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் சோம்பலுக்கு ஊரான் வீட்டுப் பெண்ணை நான் காரணம் சொல்லவில்லை.

நீ பெங்களூர் போய்ச் சேர்ந்த கையோடு உன் அத்தை ஜோசியரிடம் போனார். சனியின் பார்வை பெண்ணின் மேல் இருக்கிறது, அவள் ஏறியதும் வண்டி சொல்லிவிட்டது, தேதியைத் தள்ளிப் போடலாமா என்று தரகர் மூலமாகக் கோட்டுச்சேரிக்குச் சேதி போயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருநள்ளாறு நமக்கு டவுன் பஸ் தூரம். எங்கெங்கோ இருந்து ஜனங்கள் அங்கே வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள், நானும் கும்பிடுகிறவள்தான். அந்தச் சாமிக்கு நம் வீட்டு வண்டியின் ரப்பரைத் தின்பதுதான் வேலையா? சேதி கேட்ட இந்துமதியின் அப்பா நடுங்கிப்போய்விட்டார். நிச்சயம் முடிந்து தேதி தள்ளிப்போனால் பெண்ணை ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். "பழைய வண்டியிலதானே கொறை, நான் புது வண்டி எடுத்துத் தந்துர்றேன், தேதிய மட்டும் மாத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். ரோட்டோரத்து வயலை விற்று எடுப்பதாகத் திட்டம். நிச்சயதார்த்தத்தில் பத்துப் பேர் கேட்க 'ஒரு பைசா வேண்டாம்' என்று சொன்னாயே, அந்த மனுஷருடைய வயல்.

அன்றைக்கு நான் உன்னைக் கூப்பிட்டேன். எதற்குக் கூப்பிட்டேன் என்றால், என் பிள்ளை கொதித்துப் போயிருப்பான் என்று நினைத்து, ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல. "அவங்களா ஆசப்பட்டுக் குடுக்குறாங்கம்மா, நாம கேக்கலையே" என்றாய். "பொங்கலுக்கே தட்டுச்சுன்னு நீதானடா சொன்ன, அத ஒங்க அத்தகிட்ட ஒரு வார்த்த சொல்லு" என்றேன். "அப்படிச் சொன்னனா? ஞாபகம் இல்லம்மா" என்றாய். ஞாபகம் இல்லையாம். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு வண்டிப் படங்கள் அனுப்பி எந்த நிறம் பிடித்திருக்கிறது என்று கேட்க மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. அந்தப் படங்களை அவள் என்னிடம் காட்டினாள். நீலம், சிவப்பு, சாம்பல். அவள் பதிலே அனுப்பவில்லை, அதைக்கூட நீ கவனித்திருக்க மாட்டாய்.

உன் அத்தைக்கு இது புதுப் பழக்கம் இல்லை. முதன்முதலில் அவர் வாயில் விழுந்தது யார் தெரியுமா, நீதான். நீ பிறந்த சேதி கேட்டு உன் அப்பா மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குப் பறந்து வந்தபோது வரிச்சிக்குடித் திருப்பத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கையில் கட்டோடு வந்து தொட்டில் பக்கத்தில் நின்றார். உன் அத்தை உன்னை எட்டிப் பார்த்துவிட்டு, "பொறந்ததும் அப்பன் கைய ஒடிச்சுட்டான், இன்னும் என்னென்ன செய்யக் காத்திருக்கானோ" என்றார். நான் அரைமயக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடந்தேன். உன் அப்பா அதிர்ந்து பேசாத ஆள், அக்காளை எதிர்த்து ஒரு சொல் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார்: "பிரேக் கட்டை தேஞ்சு கெடந்துச்சுக்கா. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன், மாத்தல. தப்பு என்னுது. பச்சப்புள்ளைய எதுக்கு இழுக்கிற?" அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அப்பன் கையை ஒடித்தவன் என்ற பேரோடுதான் நீ பள்ளிக்கூடம் போயிருப்பாய். உனக்காக ஒருவர் பேசினார். உனக்கு அது மறந்தே போய்விட்டது என்று சொல்லிவிடாதே, பத்துத் தரமாவது உனக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். உன்னோடு பேசி முடித்த மறுநாள் இந்துமதி, தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராகத் தலத்தெருவுக்கு நம் வீட்டுக்கு வந்தாள். "வண்டிய எங்க குடுக்கப் போறீங்க அத்தை? நானும் வர்றேன்" என்றாள். "ஒனக்கு எதுக்கும்மா அந்தக் கிரீஸு நாத்தமெல்லாம்" என்றேன். "பழி எம்மேல இருக்குங்க. நான் பாக்கணும்ல" என்றாள். நான் சாவியை எடுத்தேன். மெக்கானிக் அந்தோணிக்குக் கை இருக்கிற அளவுக்கு மேலே வாய் உண்டு. வண்டியைத் தெருமுனை வரை ஓட்டி, ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டிக் கேட்டுவிட்டு, "ஷாக்குக்கு மேல இருக்குற மவுண்ட்டும்மா. நான் சத்தத்தக் கேட்டாலே சொல்லிடுவேன்" என்றான். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதுகிற டாக்டர்களை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், அப்போதே எனக்குச் சந்தேகம்தான். வண்டியின் அதிர்வைத் தாங்குகிற அந்தச் சாமானை மாற்றினான். வீட்டுக்கு வருவதற்குள் டொக்கென்றது.

அதைக் கேட்டு உன் அத்தைக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். புதுச் சாமான் போட்டும் சத்தம் போகவில்லையென்றால் இது சாமான் சம்பந்தப்பட்டதே இல்லை என்று தெருவுக்கே சொன்னார். எள்ளு விளக்கு ஏற்றிவிட்டு வந்து, நம் வாசலில் நின்ற வண்டியின் இடது சக்கரத்துக்குக் குங்குமம் வைத்தார். டயருக்கு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு உனக்குப் போன் செய்து, "நான் சொன்னது சரியாப் போச்சா" என்று கேட்டாராம். நீ "ம்" என்றாயாம். அந்த "ம்" எனக்கு அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

மறுபடியும் அந்தோணியிடம் போனோம். இந்தத் தடவை இந்துமதி அவனை வாய் திறக்க விடவில்லை. "மேடு பள்ளம் இல்லாத எடத்துலயும் பிரேக் புடிச்சா ஒரு தட்டு தட்டுதுண்ணே. தூக்கிப் பாருங்க" என்றாள். ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினான். டொக். ரோட்டில் கேட்ட அதே சத்தம், வண்டி நின்ற இடத்தில் கேட்டது. யாரும் முன்சீட்டில் இல்லை. நெம்பும்போதெல்லாம் கேட்டது. "நான் மொதல்லயே இதத்தான் சந்தேகப்பட்டேன்" என்றான், கொஞ்சமும் கூசாமல். கழற்றி எடுத்ததைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீளமாக வளைந்திருப்பது லோயர் ஆர்ம், சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கை அது. அதன் ஒரு முனையில் வெடித்துக் கிடக்கிறதே ரப்பர், அது புஷ். மறுமுனையில் குமிழ் மாதிரி இருப்பது பால் ஜாயின்ட். அந்தக் குமிழை விரலால் ஆட்டிப் பார். ஆடக் கூடாது. இறுக்கமாகத் திரும்ப வேண்டியது, பால் பல் மாதிரி ஆடுகிறது.

அதன் மேலே கிழிந்து தொங்கும் ரப்பர் உறையையும் விலக்கிப் பார். உள்ளே மணலும் துருவும் கெட்டியாகப் படிந்திருக்கும். இந்துமதி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் துரு புடிக்க எத்தன நாளு ஆகும்ண்ணே?" என்று கேட்டாள். "நாளா? மாசக்கணக்குல ஆவும்மா. ரப்பர் கிழிஞ்சு தண்ணி எறங்கியிருக்கு. போன மழைக்கே போயிருக்கும்" என்றான் அந்தோணி. அவன் சொன்னதில் நான் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான், ஏனென்றால் துருவை நானும் கண்ணால் பார்த்தேன். போன மழை என்றால் பொங்கலுக்கும் முன்னால். அப்போது இந்துமதி என்று ஒரு பெண் இருப்பதே நமக்குத் தெரியாது. "இன்னுங் கொஞ்ச நாளு இப்புடியே ஓட்டியிருந்தீங்கன்னா கழண்டு சக்கரம் மடங்கியிருக்கும்" என்றும் அவன் சொன்னான். பழி சொல்லிப் பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு நீங்கள் அவளை உட்கார வைத்தது அந்தச் சக்கரத்துக்கு மேலே.

இரண்டு பக்கமும் புதுசு போட்டோம், கூடவே தேய்ந்திருந்த லிங்க் ராடு என்கிற சின்னக் கம்பிகளையும் மாற்றினோம். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் இறங்கி வண்டிப் பாரம் ஏறின பிறகுதான் முறுக்கினான், இல்லாவிட்டால் புது ரப்பரும் முறுக்கிக்கொண்டு கிழியுமாம். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டு, இந்துமதியையே ஓட்டச் சொன்னேன். லைசென்ஸ் இருக்கிறது அவளிடம், நீ கேட்டதே இல்லையாம். அதே பள்ளிக்கூடத்து வேகத்தடை. ஏறி இறங்கினோம். அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்ததிலும் ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, "பொங்கலுக்கே கேட்டுச்சுன்னு அன்னிக்கு வண்டியில சொன்னீங்களே அத்தை. அவங்களுக்கும் அது தெரியும்தானே?" என்றாள். தெரியும் என்றேன். "அப்பறம் ஏன் சொல்லல?" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில், பெற்ற பிள்ளைக்காக இன்னொரு வீட்டுப் பெண்ணின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பெற்ற வயிறு எரிந்தது என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போனோம். வயலைப் பார்க்க ஆள் வந்து கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உன் மாமனாராக வர வேண்டியவர், "வாங்க சம்பந்தியம்மா" என்று எழுந்தார். நான் பேச்சை வளர்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவர் காலடியில் வைத்தேன். டிராக்டரோடு மல்லுக்கட்டுகிற மனுஷர், குந்தி உட்கார்ந்து குமிழை ஆட்டினார், ரப்பரைப் பிரித்தார், துருவைச் சுரண்டி விரலில் எடுத்துப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்த ஆளிடம், "வயலு விக்கிறதா இல்லைங்க, ஒங்கள அலைய விட்டுட்டேன்" என்றார். அந்த ஆள் போன பிறகு மகள் முகத்தைப் பார்க்காமல், "நான்கூட ஒரு நேரம் நம்பிட்டேம்மா" என்றார். இந்துமதி காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு தகப்பன் தன் பெண்ணிடம் அப்படிச் சொல்ல நேர்ந்தது உன்னால். உன் அத்தையால் இல்லை. அவர் எதை வேண்டுமானாலும் பேசுவார், அவர் பேச்சை மறிக்கக் கூடிய ஒரே ஆள் நீ. சத்தத்தை முதலில் கேட்டவன் நீ.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். அப்பா போன பிறகு வண்டி என் பேரில் இருந்தது அல்லவா, அதை இந்துமதி பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் நடந்தாலும் அவளுக்குத்தான், நடக்காவிட்டாலும் அவளுக்குத்தான். முதலில் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம் அத்தை, ஊரு வேற மாதிரி பேசும்" என்றாள். "ஊரு ஏற்கெனவே பேசிடுச்சும்மா, இப்ப நாம பேசுவோம்" என்றேன். கடைசியில், "பெட்ரோல் நான் போட்டுக்குவேன்" என்றாள். இப்போது தினமும் கோட்டுச்சேரியிலிருந்து அதில்தான் வேலைக்கு வருகிறாள். நம் தெரு வழியாக, உன் அத்தை வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, அந்த மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டு போகிறாள். ஒரு சத்தம் கிடையாது. அத்தை இப்போதெல்லாம் சாயங்காலம் உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறார்.

உனக்குப் புத்திமதி சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவள் கேட்டிருப்பதை மட்டும் சொல்கிறேன். நீ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை, போனில் நீ அழுதால் கேட்பதாகவும் இல்லை. நீ நேரில் வர வேண்டும். அவள் அப்பா முன்னால், உன் பெரிய அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'சத்தம் பொங்கலுக்கே இருந்துச்சு, எனக்குத் தெரியும், நான்தான் சொல்லல' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டுத் தன் முடிவைச் சொல்கிறேன் என்றாள். அது என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை நமக்கு இல்லை. சொல்ல வாய் வராது என்றால் அங்கேயே இருந்துகொள், பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை தெரிவித்தால் போதும்.

வருவதாக இருந்தால் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வா, அழைத்துவர என்னிடம் வண்டி இல்லை. கோட்டுச்சேரியில் இறங்கி நடந்து போ, நான் உனக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்திருப்பேன். எல்லாம் பேசி முடித்த பிறகு அவள் மனசு இளகி உன்னையும் வண்டியில் ஏறச் சொன்னால், பின்சீட்டில் ஏறு. முன்னால் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா